கரோல் பாகில் ஒரு சமுத்திரம்

தலைநகர் தில்லியில் புசா ரோடு என்று ஒரு சாலை உண்டு. கரோல் பாகின் ஓரமாகச் செல்லும் அச்சாலையின் பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் நம்மவர்களுள் பலர், அது யாரோ ஒரு பிரமுகரின் பெயர் என்றே எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் புசா என்பது பிஹாரிலுள்ள ஓர் ஊர். ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையின் துணைகொண்டு 1905-ஆம் ஆண்டில் அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பிஹாரை உலுக்கிய பூகம்பத்தில் அந்நிலையத்தின் கட்டடம் சிதைந்தது. 1936-இல் நிலையம் தில்லிக்குப் பெயர்க்கப்பட்டது. கட்டடம் வேறு, மண் வேறு, காலப்போக்கில் ஆட்களும் வேறு. பெயர் மட்டும் கூடவே வந்து, நிலையத்திற்கும் ஒட்டிக்கொண்டது, சாலைக்கும் ஒட்டிக்கொண்டது. தில்லிவாசிகளுக்கு அது இன்றும் 'புசா'தான்.

எல்லாம் மாறிய பின்னும் பெயர் நிற்குமானால், நிற்பது எது என்னும் கேள்வி பழையது. தத்துவ சாஸ்திரிகள் அதைத் தேரையும் கப்பலையும் வைத்து விவாதித்தனர். இங்கே நாம் ஓர் இசைக்குழுவை வைத்து அதனை ஆராயப் புகுகின்றோம். அக்குழுவும் புசா ரோட்டிற்கு அண்டையிலேயே பல்லாண்டுகள் குடியிருந்ததுதான். அதன் பெயர் 'இண்டியன் ஓஷன்'. நம் மொழியில் சொன்னால், இந்துமகா சமுத்திரம்.

'ராக்' என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இரைச்சல் என்று நாம் தள்ளிவிடும் அந்த இசையில் சரித்திர மாணவனுக்கு உதவும் விஷயங்கள் பல உள. அவற்றுள் ஒன்று, குழு என்பது எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு உடைகிறது, உடைந்த பின் பெயர் யாரைச் சேர்கிறது என்பதாகும்.

நமது கச்சேரி மேடையில் இச்சிக்கல் எழுவதே இல்லை. பாடகர் ஒருவர் நடுவே அமர்கிறார். இன்று ஒரு வித்துவான் பிடில் வாசிப்பார், நாளை இன்னொருவர். மிருதங்கக்காரர் மாறினால் கச்சேரி மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. 'இன்று பக்கவாத்தியம் இன்னார்' என்று அழைப்பிதழில் அச்சிட்டால் தீர்ந்தது. இருவர் சேர்ந்து பாடும்போதுகூட உறவுமுறை ஒன்றைச் சூட்டி அந்தப் பிணைப்பை நாம் உறுதிப்படுத்திக்கொள்கின்றோம். ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர் என்பதைச் சொன்னால் இன்றைய இளைஞர் பலர் வியப்பர்.

மேல்நாட்டு ராக் குழுவிலோ நடுநாயகம் என்று ஒருவர் இல்லை. நால்வர் அல்லது ஐவர் சேர்ந்தே பாட்டை இயற்றுவர், சேர்ந்தே வாசிப்பர், குழுவின் பெயரே ஆசிரியர் பெயர். ஆகையால் ஒருவர் விலகினால் அது பக்கவாத்தியம் மாறியது போலன்று, கூட்டுக்குடும்பம் பிரிந்தது போல.

இங்கிலாந்தின் 'டீப் பர்ப்பிள்' குழுவை எடுத்துக்கொள்வோம். 1968-இல் தொடங்கப்பட்டது. பெயர், கிதார் வாசித்த ரிச்சி பிளாக்மோரின் பாட்டியாருக்குப் பிடித்திருந்த ஒரு பழைய பாட்டின் பெயர். தொடங்கிய மறு ஆண்டே பாடகரும் அடிக்கிதார்க்காரரும் மாற்றப்பட்டனர்; இயன் கில்லனும் ரோஜர் குளோவரும் வந்தனர். 1973-இல் அவ்விருவரும் போயினர். 1975-இல் பிளாக்மோரே போனார். 1976-இல் குழு கலைந்தது. 1984-இல் மீண்டும் கூடியது. 1993-இல் பிளாக்மோர் இரண்டாம் முறையாக, இறுதியாக, வெளியேறினார். 2002-இல் ஜான் லார்டு ஓய்வு பெற்றார், 2012-இல் காலமானார். அரச பரம்பரையில் முதலாம் ஹென்றி, இரண்டாம் ஹென்றி என்று எண்ணுவதைப் போல அவர்களுடைய ரசிகர்கள் ஒவ்வோர் அமைப்பிற்கும் ஓர் எண் கொடுத்து வழங்குகின்றனர். முதல் நாள் தொட்டு எல்லா அமைப்புகளிலும் இருந்துவந்தவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவரே.

இதில் நகைப்பிற்குரிய ஒரு படலமும் உண்டு. குழு கலைந்து கிடந்த 1980-இல், பழைய பாடகரான ராட் எவன்ஸ், முன்பின் அறியாத வாத்தியக்காரர் சிலருடன் 'டீப் பர்ப்பிள்' என்ற பெயரிலேயே அமெரிக்காவில் கச்சேரிகள் நடத்தினார். அவரும் ஒரு காலத்தில் அக்குழுவின் அங்கத்தினர்தாமே என்று நாம் கேட்கலாம். நீதிமன்றம் அப்படிக் கேட்கவில்லை. 6,72,000 டாலர் நஷ்ட ஈடு விதித்தது. அதற்கு முன்பே, 1974-இல், 'பிளீட்வுட் மாக்' குழுவின் நிர்வாகி ஒருவர், குழுவினர் எவரும் இல்லாமலேயே புதிய ஆட்களை அப்பெயரில் அனுப்பிப் பார்த்தார். ரசிகர்கள் ஏற்கவில்லை, வழக்கும் வந்தது. பெயர் என்பது ஒரு சொத்து. அதற்குப் பாத்தியதை உண்டு. அதன் பொருட்டு வழக்குகளும் உண்டு என்பதற்கு இவை சான்றுகள்.

இனித் தில்லிக்குத் திரும்புவோம்.

சுஷ்மித் சென், அசீம் சக்ரவர்த்தி என்னும் வங்காள இளைஞர் இருவர் 1984-ஆம் ஆண்டளவில் தில்லியில் சந்தித்தனர். முன்னவர் கிதார், பின்னவர் தபலாவும் குரலும். மேல்நாட்டுப் பாடல்களை நகல் எடுத்துப் பாடுவதே அக்காலத்தில் இந்திய நகரங்களின் ராக் குழுக்களுக்கு வழக்கம். கல்லூரி விழாக்களில் யார் மூலத்திற்கு அருகில் வாசிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. இவ்விருவரும் அந்த வழியில் செல்லவில்லை. கிதாரைத் தந்திவாத்தியமாக, நம் ராகங்களை நினைவூட்டும் முறையில் சுஷ்மித் கையாண்டார். அசீம் டிரம்ஸ்காரரைப் போல் ஆசனத்தில் ஏறி அமராமல், தபலாக்களை முன்னே வைத்துக்கொண்டு சம்மணமிட்டு வாசித்தார், வாசித்துக்கொண்டே பாடினார். வாசிப்பவர் பாடுவதும், பாடுபவர் தாளம் விடாதிருப்பதும் எவ்வளவு கடினம் என்பதை, பஜனை மடத்தில் ஜால்ரா தட்டிப் பாட முயன்றவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

1990-இல் குழு முறையாக அமைந்தது. 'இண்டியன் ஓஷன்' என்ற பெயரை யோசித்துச் சொன்னவர் சுஷ்மித்தின் தந்தையார் என்பர். ஆங்கிலேயக் குழுவிற்குப் பாட்டி, தில்லிக் குழுவிற்குத் தந்தை. இளைஞர் புரட்சி என்று சொல்லப்படும் இந்த இசையில் மூத்தோர் பங்கு இவ்வளவேனும் இருப்பது நமக்கு மகிழ்ச்சியே. அதே ஆண்டில் மாதிரி ஒலிப்பதிவு ஒன்று செய்தனர். அப்போது ஷலீன் சர்மா டிரம்ஸ் வாசித்தார்.

1991-இல் ராகுல் ராம் வந்து சேர்ந்தார். அடிக்கிதார் வாசிப்பவர், பாடவும் செய்பவர். இவருடைய வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. தந்தையார் எச். ஒய். மோகன் ராம், தில்லிப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற தாவரவியல் பேராசிரியர். மகன் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ரசாயனம் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழலில் கலக்கும் நச்சுப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்தவர் உத்தியோகம் தேடவில்லை. நர்மதை அணைகளால் ஊரிழக்கவிருந்த மக்களின் இயக்கத்தில் சேர்ந்து அப்பள்ளத்தாக்கில் சில ஆண்டுகள் உழைத்தார். அங்கு அவர் காதில் விழுந்த நாட்டுப்பாடல்களுள் ஒன்று பிற்காலத்தில் குழுவின் 'மா ரேவா' ஆயிற்று. ரேவா என்பது நர்மதையின் மற்றொரு பெயர். ஆற்றைத் தாயென்று விளிக்கும் அப்பாடல், காவிரிக்கரையில் பிறந்த நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

முதல் இசைத்தொகுப்பை எச்.எம்.வி. நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. தொகுப்பின் பெயரும் குழுவின் பெயரே. 1994-இல் ஷலீன் சர்மா விலகினார். காஷ்மீரக் குடும்பத்தைச் சேர்ந்த அமித் கிலம் என்னும் மிக இளைய டிரம்ஸ்காரர் அவ்விடத்தில் அமர்ந்தார். சுஷ்மித், அசீம், ராகுல், அமித்: இந்த நால்வர் அமைப்புதான் பதினைந்து ஆண்டுகள் நிலைத்தது. ரசிகர்கள் 'இண்டியன் ஓஷன்' என்று சொல்லும்போது மனக்கண்ணில் காண்பது இன்றும் பெரும்பாலும் இந்நால்வரைத்தான். ஆனால் சரித்திரப்படி பார்த்தால், இது முதல் அமைப்பன்று. மாற்றத்திற்குப் பின் வந்த அமைப்பு. நமக்குப் பழக்கமானதையே நாம் ஆதி என்று கொள்கிறோம்.

1997 ஜனவரி முதல் தேதி, தில்லி மண்டி ஹவுஸ் வட்டாரத்தில் சப்தர் ஹாஷ்மியின் நினைவுக் கூட்டம் நடந்தது. 1989-இல் சாஹிபாபாத் அருகே தொழிலாளர் குடியிருப்பில் தெருக்கூத்து ஆடிக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு உயிர்நீத்த நாடகக் கலைஞர் அவர். குளிர்காலத் திறந்தவெளியில், அந்த மேடையில் குழு வாசித்ததை ஒலிப்பதிவு செய்தே 'டெசர்ட் ரெயின்' என்ற தொகுப்பு வெளிவந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தின் பூச்சு ஏதுமின்றி வந்த அத்தொகுப்பு, இவர்கள் மேடையில்தான் வாழ்பவர்கள் என்பதைக் காட்டியது.

2000-ஆம் ஆண்டில் 'கந்தீசா' வந்தது. நம் கருத்தில் இக்குழுவின் தலைசிறந்த செயல் இதுதான். தலைப்புப் பாடல், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிவழியாகப் பாடிவரும் துதி. மொழி சிரியாக்கு; ஏசுநாதர் பேசியதாகக் கருதப்படும் அரமேய மொழியின் கிளை. வங்காளியும் காஷ்மீரியும் கன்னடத் தந்தையின் மகனுமாகச் சேர்ந்து, கரோல் பாகில் பழகி, மலையாளக் கரையில் உயிரோடிருக்கும் ஒரு மேற்காசியப் பாஷையில் பாடினர். அதைக் கேட்ட கல்லூரி மாணவர்களுள் ஒரு சொல்லுக்கேனும் பொருள் அறிந்தவர் எத்தனை பேர்? ஆயினும் மேடைதோறும் அதைக் கேட்டு வாங்கினர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்செய்தி சற்றுச் சங்கடமானதுதான். பெயர்க்காமலே போய்ச் சேரும் சொற்களும் உலகில் இருக்கின்றன போலும். அதே தொகுப்பில் போஜ்புரிக் கவி கோரக் பாண்டேயின் பாட்டு ஒன்றும், நாம் முன்சொன்ன நர்மதைப் பாட்டும் உண்டு. 2003-இல் வந்த 'ஜீனி' தொகுப்பின் தலைப்புப் பாடல் கபீர்தாசருடையது.

இவ்வளவும் உருவான இடம் எது? கரோல் பாக், கஜூர் ரோடு, 16/330-ஆம் இலக்க வீடு. பழைய பங்களா, சுவர்கள் தடித்தவை, பக்கத்து வீட்டார் தூக்கத்தைக் கெடுக்காமல் டிரம்ஸ் அடிக்க வசதியானது. குழுவினர் பல்லாண்டுகள் அங்கே கூடிப் பழகினர்.

கரோல் பாக் என்றவுடன் தில்லித் தமிழரின் நினைவில் எழும் காட்சி வேறு. கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றுவதாக 1911-இல் அறிவிப்பு வந்தபின் சர்க்கார் உத்தியோகத்தை நாடி வடக்கே வந்த நம்மவர்கள், நாளடைவில் அப்பகுதியில் நிரம்பக் குடியேறினர். ஒட்டுக்குடித்தனம், வாசலில் கோலம், வடிகட்டிய காப்பி, மார்கழியில் பஜனை என்று ஒரு சிற்றூரே அங்கு அமைந்திருந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று புசா ரோட்டிலேயே உள்ளது. பின்னர் பிள்ளைகள் வளர்ந்தனர்; ராமகிருஷ்ணபுரத்திற்கும் மயூர் விஹாருக்கும் துவாரகைக்கும் பெயர்ந்தனர். 2005 டிசம்பர் 31-இல் புசா ரோட்டின் மேலே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் ஜன்னலிலிருந்து கரோல் பாகைப் பார்த்து 'இங்கேதான் தாத்தா இருந்தார்' என்று சொல்லும் தலைமுறை வந்துவிட்டது. அங்கே நம்மவர் தம்பூரா மீட்டிய அதே தெருக்களின் அண்டையில்தான் இவர்கள் கிதார் மீட்டினர். ஒருவர் ஒலி மற்றவர் காதில் விழுந்திருக்கலாம். விழுந்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம். தலைநகரில் எல்லாச் சமூகத்தாரும் அவ்வாறுதானே வாழ்கின்றனர்.

அனுராக் காஷ்யப் இயக்கிய 'பிளாக் பிரைடே' என்னும் ஹிந்திப் படத்திற்கு இக்குழுவினர் இசையமைத்தனர். 1993-ஆம் ஆண்டு பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றிய படம் அது. வழக்கு முடியுமுன் படம் வெளிவருவது விசாரணையைப் பாதிக்கும் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் முறையிட, நீதிமன்றம் வெளியீட்டைத் தடுத்தது. 2007 பிப்ரவரியில்தான் படம் திரையைக் கண்டது. பாடல்களோ அதற்கு முன்பே ஊரெங்கும் பரவிவிட்டன. பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' என்ற பாடல் வழியாகவே குழுவை அறிந்தவர்கள் ஏராளம். படம் சிறையில் இருக்க, பாட்டு ஜாமீனில் வெளிவந்த கதை இது.

பிறகு வந்தது 2009. அந்த ஆண்டில் அசீம் சக்ரவர்த்திக்கு மாரடைப்பு ஏற்பட்டது. டிசம்பர் 25-ஆம் தேதி தில்லியில் அவர் காலமானார். ஐம்பதைச் சற்றே கடந்த வயது.

குழு என்ன செய்யும்? ராக் உலகில் இதற்கு இரு மரபுகளும் உண்டு. 1980-இல் டிரம்ஸ்காரர் ஜான் பானம் மறைந்ததும் 'லெட் செப்பலின்' குழுவினர், அவரில்லாமல் தொடர இயலாதென்று கடையைக் கட்டினர். வேறு குழுக்கள் மறுமாதமே ஆள் எடுத்தன. முன்னதை விசுவாசம் என்றும் பின்னதை வியாபாரம் என்றும் எளிதாகச் சொல்லிவிடலாம். நாம் அப்படிச் சொல்லத் தயங்குகின்றோம். ஏனெனில் எஞ்சியிருப்பவர்களுக்கும் வாழ்வு உண்டு. அவர்கள் இருபது ஆண்டுகள் கட்டியெழுப்பிய பாட்டுகளுக்கும் வாழ்வு உண்டு. இறந்தவரோடு பாட்டையும் அனுப்பிவிடுவதுதான் மரியாதையா, அல்லது அதை மேடையில் உயிரோடு வைத்திருப்பதா?

தமிழ் நாடக உலகம் இக்கேள்விக்கு நெடுங்காலம் முன்பே தன் வழியில் விடை கண்டிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாய்ஸ் கம்பெனிகளை எண்ணிப் பாருங்கள். சிறுவர்களே நடிகர்கள். சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவன் ஏற்றிருந்த பெண் வேஷமும் பால பாத்திரமும் அன்றோடு போயிற்று. அடுத்த சிறுவன் தயாராக நிற்பான். ஆள் மாறுவது அங்கே விபத்தன்று, விதி. சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவரிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் சொந்தச் சபா கண்டனர். ஆசிரியர் போனார், கம்பெனிகள் மாறின, நடிகர்கள் வளர்ந்தனர். அவர் எழுதிய நாடகங்கள் மேடையில் நடந்துகொண்டே இருந்தன. பாத்திரம் நிலையானது, ஏற்பவர் வழிப்போக்கர் என்பதே அங்குள்ள ஏற்பாடு.

தில்லி வானொலி நிலையத்திலும் இதற்கு வேறொரு முன்மாதிரி உண்டு. 1952-இல் அங்கே 'வாத்திய விருந்தம்' என்னும் தேசிய வாத்தியக் குழு அமைக்கப்பட்டது. ஹிந்துஸ்தானிப் பகுதிக்கு பண்டித ரவிசங்கரும், கர்நாடக இசைப் பகுதிக்கு நம் டி.கே. ஜெயராம ஐயரும் பொறுப்பேற்றனர். ரவிசங்கர் 1956-இல் வானொலியை விட்டு விலகினார். விலகியதால் வாத்திய விருந்தம் கலைந்ததா? கலையவில்லை. அது சர்க்கார் அமைப்பு; பதவி வேறு, பதவி வகிப்பவர் வேறு. ஒருவர் போனால் இன்னொருவரை நியமித்து உத்தரவு பிறக்கும். ஈமனி சங்கர சாஸ்திரிகள் போன்ற பெரியோர்கள் பின்னர் அதனை நடத்தினர். மத்திய சர்க்காரில் கோப்புகளோடு காலம் தள்ளும் நமக்கு இம்முறை நன்கு விளங்கும். நாற்காலி காலியாவதில்லை.

ராக் குழுவில் அத்தகைய நாற்காலி இல்லை என்பதே அதன் இடர்ப்பாடு. அசீமின் இடம் ஒரு பதவியன்று. தபலாவும் குரலும் ஓர் உடலில் கூடியிருந்தது தற்செயல். அதனால்தான் அவர் விட்ட இடத்தை நிரப்ப இருவர் தேவைப்பட்டனர். துஹீன் சக்ரவர்த்தி தாளவாத்தியங்களை ஏற்றார். ஹிமான்ஷு ஜோஷி குரலை ஏற்றார். நால்வர் ஐவராயினர். ஒருவர் குறைந்ததால் எண்ணிக்கை ஒன்று கூடிற்று என்பது கணக்கிற்கு முரண், சரித்திரத்திற்கு முரணன்று.

அசீம் இருக்கும்போதே பதிவு செய்யப்பட்ட பாடல்கள் எஞ்சியிருந்தன. அவற்றை 2010-இல் குழுவினர் வெளியிட்டனர். கம்பெனிகளிடம் கொடுக்கவில்லை, மாதம் ஒன்றாக, இணையத்தின் வழியே, விரும்பியவர் விலையின்றிப் பெற்றுக்கொள்ளும்படி விட்டனர். அத்தொகுப்பிற்கு அவர்கள் இட்ட பெயர் '16/330 கஜூர் ரோடு'. காலஞ்சென்ற தோழரின் பெயரை இடவில்லை, துயரத்தைக் குறிக்கும் சொல்லையும் இடவில்லை. தாங்கள் கூடிப் பழகிய வீட்டின் விலாசத்தை இட்டனர். இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை. மறைந்தவரின் குரல் மாதந்தோறும் புதிதாக வந்துகொண்டிருந்த அந்நாட்களில் கேட்டவர்களுக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அதே ஆண்டில் ஜெய்தீப் வர்மா எடுத்த 'லீவிங் ஹோம்' என்னும் செய்திப்படம் திரையரங்குகளில் வெளியாயிற்று. குழுவின் வாழ்வையும் இசையையும் சொல்லும் அப்படத்திற்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதன் தலைப்பு குழுவின் பழைய பாடல் ஒன்றின் பெயர். வீட்டை விட்டுப் புறப்படுதல் என்று பொருள்படும். வீட்டை விட்டு வந்தவர்கள் நிறைந்த நகரத்தில் இத்தலைப்பு யாருக்குத்தான் தைக்காது.

இரண்டாவது பிரிவு 2013-இல் நேர்ந்தது. இம்முறை காலன் குறுக்கிடவில்லை. சுஷ்மித் சென் தாமே விலகினார். குழுவை நிறுவியவர்களுள் எஞ்சியிருந்த ஒருவர். தந்தை சூட்டிய பெயரோடு தொடங்கியவர். எந்தக் கிதாரின் ஒலியால் இக்குழுவை இருளிலும் இனங்காணலாமோ அந்தக் கிதாருக்கு உரியவர். ஏற்கெனவே 2011-இல் தனித்த தொகுப்பு ஒன்றை வெளியிட்டிருந்தார். விலகியபின் தமது வரலாற்றை 'ஓஷன் டு ஓஷன்' என்ற நூலாக எழுதினார். 2014-இல் அது வெளிவந்தது. நிகில் ராவ் என்னும் இளைஞர் கிதாரை ஏற்றார்.

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி கூர்மையடைகிறது. 1990-இல் குழுவைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் மறைந்தார், ஒருவர் விலகினார். பெயர் அவர்களுக்குப் பின் வந்தவர்களிடம் இருக்கிறது. டீப் பர்ப்பிளிலாவது முதல்நாள் டிரம்ஸ்காரர் ஒருவர் எஞ்சியிருக்கிறார். இங்கே ஆதி அங்கத்தினர் ஒருவரும் இலர். இது இண்டியன் ஓஷன்தானா?

அன்று என்று சொல்வாருடைய வாதத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. அசீம், சுஷ்மித் இருவரின் உரையாடலிலிருந்து பிறந்த இசை இது. கிதாரின் ஒரு சொல்லுக்குத் தபலாவின் மறுசொல். அவ்வுரையாடல் நின்றபின் எஞ்சுவது வேறோர் இசை. நல்ல இசையாக இருக்கலாம், வேறு பெயரால் வழங்குவதே நேர்மை என்பர். இவ்வாறு கருதும் ரசிகர்கள் பழைய ஒலிநாடாக்களையே கேட்டு அமைகின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது.

ஆயினும் நமது கணிப்பு வேறு. ராகுல் ராம் குழுவில் கால்வைத்தது 1991. அமித் கிலம் 1994. பின்வந்தவர் என்று நாம் பேசும் இவர்கள், குழுவின் வெளியான தொகுப்புகளில் ஏறக்குறைய அனைத்தையும் உடனிருந்து ஆக்கியவர்கள். 'மா ரேவா' நர்மதைப் பள்ளத்தாக்கிலிருந்து கரோல் பாகிற்கு வந்தது நிறுவனர் வழியாக அன்று. விதைத்தவர் மட்டுமே உழவர் என்றால், நாற்றைப் பறித்து நட்டவரும் களை எடுத்தவரும் யார்? கோயிலின் முதற்கல்லை நாட்டிய அரசனின் பெயர் கல்வெட்டில் இருக்கும். பிராகாரத்தை எழுப்பியவன் வேறொருவனாயிருப்பான், ராஜகோபுரம் கண்டவன் மூன்றாமவனாயிருப்பான். கோயில் மூன்றாகிவிடுவதில்லை.

மேலும், பெயரின் பொருட்டு இங்கே ராட் எவன்ஸ் படலம் போன்ற ஒன்று நிகழவில்லை. விலகியவர் தம் பெயரால் தனிக்குழு நடத்தினார். இருந்தவர்கள் பழைய பெயரோடு தொடர்ந்தனர்.

2014-இல் 'தாண்டனு' தொகுப்பு வந்தது. ஒவ்வொரு பாடலிலும் வெளியிலிருந்து ஒரு கலைஞர் சேர்ந்தார். சுபா முத்கல், பண்டித விசுவமோகன் பட், சங்கர் மகாதேவன் ஆகியோருடன் நம் விக்கு விநாயகராமின் புதல்வர் செல்வகணேஷும், பிடில் வித்துவான் குமரேஷும் அதில் வாசித்தனர். கஞ்சிராவும் பிடிலும் இந்துமகா சமுத்திரத்தில் கலந்தது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. தென்கோடியில் பிறந்தவர்களுக்கு அச்சமுத்திரத்தின் மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டல்லவா! அடுத்த ஆண்டு 'மசான்' என்னும் ஹிந்திப் படத்திற்கு இசை தந்தனர். காசியின் மயானத் துறைகளைச் சூழ்ந்து செல்லும் கதை அது. பழைய நால்வரைக் கேட்டறியாத இளைஞர் பலர் அப்பாடல்கள் வழியே குழுவிடம் வந்தனர். அவர்களுக்கு இந்த ஐவரே ஆதி.

'தாண்டனு'விற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் புதிய தொகுப்பு வரவில்லை. 2023-இல் 'தூ ஹை' வெளிவந்தது. உறையில் ஐந்து பெயர்கள்: ராகுல் ராம், அமித் கிலம், துஹீன் சக்ரவர்த்தி, ஹிமான்ஷு ஜோஷி, நிகில் ராவ். மேடையில் 'கந்தீசா' பாடும் நேரம் வரும்போது, அசீமின் குரல் எழுந்த இடத்தில் இப்போது வேறு குரல் எழுகிறது. சபையோர் பொருள் அறியாத அச்சிரியாக்குச் சொற்களைச் சேர்ந்து பாடுகின்றனர்.